ஒலிபெருக்கியில் என் அப்பாவின் பெயர்

1

சலீம் மெல்போர்னில் வந்து இறங்கிய காலையில், அவன் கொண்டுவந்த இரண்டு கிலோ மல்லாட்டையை விமான நிலையத்திலேயே வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். வேர்க்கடலையைத் திருவண்ணாமலைப் பக்கத்தில் நாங்கள் மல்லாட்டை என்போம். கீழ்பென்னாத்தூரில் என் மைத்துனன் நிலத்தில் விளைந்தது. அக்காவுக்காக அவனே வறுத்துக் கட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறான். 'விதை, கொட்டை ஏதாவது வைத்திருக்கிறீர்களா' என்று படிவத்தில் கேட்டதற்கு சலீம் இல்லை என்று குறித்துவிட்டான். அதிகாரி வாய்விட்டும் கேட்டிருக்கிறார், நட்ஸ் இருக்கிறதா என்று. இருபது வருடமாக இரும்போடு புழங்குகிறவன் சலீம். நட்டு போல்ட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நோ நட்ஸ் சார், நோ போல்ட்ஸ்" என்று சொல்லியிருக்கிறான். பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை மணி நேரம் தனியாக உட்காரவைத்து, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "டேய் குமரேசா, செல்விக்கு இன்னாடா பதில் சொல்றது? அது தம்பி என் கையப் புடிச்சி குடுத்தாண்டா."

செல்வி என் மனைவி. ஐந்து வருடம் கழித்து என்னைப் பார்க்கிறான், நலம் விசாரிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இங்கே காலையில் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் இருபது பேர் எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். ஒருவரும் பதிலுக்காக நிற்க மாட்டார்கள்.

சலீம் வந்தது ஒரு கண்காட்சிக்காக. உடற்பயிற்சிக் கருவிகள், ஆணழகன் போட்டி, பளு தூக்குதல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாள் நடக்கும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் தாண்டி அவனுக்கு ஒரு ஜிம் இருக்கிறது. வெளிநாட்டில் இப்போது என்ன கருவி ஓடுகிறது என்று ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய பத்து வருட ஆசை. விசாவுக்கு அழைப்புக் கடிதம், என் சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் அனுப்பினேன். முதல் முறை மறுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்புவார் என்பதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லையாம். போனில் சொன்னேன். சலீம் கொதித்துப் போனான். "காலைல அஞ்சரைக்கு அறுபது பேரு வந்து நிப்பான். நான் திரும்பிப் போவலன்னா ஷட்டர யாருடா தூக்குவான்? இது ஒரு கேள்வியா?" இரண்டாவது விண்ணப்பத்தில் அதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். விசா கிடைத்தது. அந்த வரியினால்தானா என்று தெரியாது. இந்த நாட்டில் எதற்கு இல்லை என்கிறார்கள், எதற்குச் சரி என்கிறார்கள் என்று பதின்மூன்று வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

என் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நம்மிடம் ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் அருணாசலம். நான் வேலை செய்வது ரொட்டித் தொழிற்சாலை. மேற்பார்வையாளர் "ஆரூனா" என்று கூப்பிடுகிறார். பல் டாக்டரின் வரவேற்பறையில், வங்கியில், கார் பதிவு செய்யும் இடத்தில் எல்லாம் என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். அவர் இறந்து ஏழு வருடமாகிறது. புதுப்பிக்கக் கொடுத்திருந்த பாஸ்போர்ட் கைக்கு வராததால் நான் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

2

எங்கள் ஊர் தனி மாவட்டமானது 1989-ல். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் வேலூர் போக வேண்டும், ஆணழகன் போட்டிக்கும்தான். மாவட்டம் என்று ஒன்று வந்தபின் மாவட்டத்துக்கென்று ஒரு ஆணழகன் வேண்டாமா? அடுத்த வருடமே போட்டி வைப்பதாகப் பேச்சு அடிபட்டது. வேட்டவலம் சாலையில் ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால், தகரக் கொட்டாயில் பயிற்சி செய்துகொண்டிருந்த எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

நாங்கள் மூன்று பேர். சலீம், தேவராஜ், நான். லாரி ஆக்ஸிலைத்தான் பாராக வைத்திருந்தோம். பட்டறையில் வார்த்து வாங்கிய இரும்புத் தட்டுகளில் பெயின்ட்டால் கிலோ எழுதியிருக்கும். எதுவும் சரியான எடை கிடையாது. புரோட்டீன் என்ற வார்த்தையை நாங்கள் கேட்டதில்லை. அவித்த மல்லாட்டை, ஊறவைத்த மூக்கடலை என்கிற கொண்டைக்கடலை, கையில் காசிருந்தால் முட்டை. விடியற்காலையில் கிரிவலப் பாதையில் ஓடுவோம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வரும்போது வெள்ளைக்காரர்கள் எதிரே நடந்து வருவார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையைப் பார்க்க வந்தவர்கள். மூச்சு வாங்க ஓடிவரும் எங்களுக்கு ஒதுங்கி வழிவிடுவார்கள். அவர்கள் விட்டுவிட்டு வந்த நாட்டுக்கு எப்படிப் போவது என்று நாங்கள் ஓடிக்கொண்டே பேசுவோம்.

என் அப்பா பஸ் கண்டக்டர். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சி போகும் தடத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. நான் கொட்டாய்க்குப் போவது அவருக்குத் தெரியும். ஒன்றும் சொன்னதில்லை. பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவன் எங்கேயோ போய்த் தொலைகிறான் என்று விட்டிருக்கலாம்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, ஜட்டியோடு மணமேடையில் ஏறினேன். விளக்கு வெளிச்சத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது நிலைக்குத் திரும்பும்போதுதான் கடைசி வரிசையில் காக்கிச் சட்டை தெரிந்தது. தோளில் தோல் பை. அப்பா. நான் வயிற்றை உள்ளிழுத்துக் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்தேன். அவர் எழுந்தார். வரிசையில் இருந்தவர்களின் முழங்காலை ஒதுக்கி ஒதுக்கி நடந்து வாசல் வழியாகப் போய்விட்டார். என் மூச்சு உடைந்தது. வயிறு தளர்ந்து முன்னால் வந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மீதி நிலைகளை எப்படிச் செய்தேன் என்று நினைவில்லை. சலீமுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. எனக்கு ஒன்றுமில்லை.

வீட்டில் அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார்: "பஸ்ஸுல ஏறுறவன் எல்லாம் கேக்குறான். இனிமே அங்க போவாத."

நான் போகவில்லை. ஒரு வருடத்துக்குள் செல்வியைப் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். மகள் பிறந்தாள். கயல்விழி. அவளுக்கு ஐந்து வயதாகும்போது மூவரும் இங்கே வந்துவிட்டோம்.

3

இங்கே என் நாள் காலை நாலரைக்குத் தொடங்கும். ரொட்டித் தட்டுகளை அடுக்கி வண்டியில் ஏற்றும் வேலை. முதுகு வலிக்கு மாத்திரை, சர்க்கரைக்கு மாத்திரை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் தூக்கம். எழுந்திருக்கும்போது மகள் பள்ளியிலிருந்து வந்திருப்பாள். இப்படியே அவள் வளர்ந்துவிட்டாள்.

ஐந்து வயதில் வந்தவள் நன்றாகத் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். பத்து வயதில் நாங்களும் ஆங்கிலத்தில் கேட்க ஆரம்பித்தோம், எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அதில் சாப்பிட்டாயா, படித்தாயா, எப்போது வருவாய் என்று கேட்கலாம். அதற்கு மேல் கேட்க எனக்கு வார்த்தை கிடையாது. அவளிடமும் தமிழ் ஏதோ கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. இரண்டையும் கலந்து ஒரு வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அவளுக்குப் பதினாலு வயதில் பள்ளி நீச்சல் அணியில் எடுத்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒன்றை நீட்டினாள். கூடவே அணியின் படம் இருந்தது. அந்த உடையைப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். "ஊர்ல இன்னா பேசுவாங்க" என்றேன். அவள் எந்த ஊர் என்று கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்தத் தாளையும் என்னிடம் கொண்டுவரவில்லை. செல்விதான் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அவளுக்குப் பதினெட்டு. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். சனிக்கிழமைகளில் நூலகம் போகிறேன் என்பாள். நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

4

கண்காட்சிக்குத் தேவராஜும் வந்தான். அவன் அடிலெய்டில் இருக்கிறான். பஸ் பிடித்து வந்தான். கொட்டாயில் தொடைக்குப் பேர்போனவன் அவன். இப்போது இரண்டு முழங்காலும் போய், படியில் பக்கவாட்டில் இறங்குகிறான். மூன்று பேரும் ஒன்றாக நின்று பத்தொன்பது வருடமாகிவிட்டது. கண்காட்சி வாசலில் நுழைவுச் சீட்டுக்குப் பதிலாகக் காகித வளையம் மாட்டிக்கொள்ளக் கையை நீட்டியபோது, எங்கள் மூன்று மணிக்கட்டையும் பார்த்துவிட்டு சலீம் சொன்னான், "எல்லாம் கம்மியாயிடுச்சிடா. வயிறுதான் ஜாஸ்தி."

ஆற்றங்கரையில் ஒரு ரயில் நிலையம் அளவுக்குப் பெரிய கூடம். உள்ளே பாட்டுச் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. நூறு கடைகளில் நூறு டப்பா பவுடர். குட்டிக் கோப்பைகளில் கரைத்துக் கையில் திணித்துக்கொண்டே இருந்தார்கள். எதைக் குடித்தாலும் சுண்ணாம்புத் தண்ணீரில் சர்க்கரை போட்டதுபோல இருந்தது. சலீம் எதையும் விடாமல் வாங்கிக் குடித்தான். ஒரு மூலையில் ஆணும் பெண்ணுமாக நீள வரிசை. மேடை ஏறப்போகிறவர்கள் உடம்புக்குப் பழுப்புச் சாயம் அடித்துக்கொள்ளக் காத்திருந்தார்கள். சலீம் நின்று பார்த்தான். தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"டேய், நம்ம கலருக்கு க்யூவுல நிக்கிறானுங்கடா."

தேவராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.

இன்னொரு கடையில் கர்லா கட்டை விற்றார்கள். வழவழப்பாகச் செதுக்கி, எண்ணெய் பூசி, நிற்கவைத்திருந்தார்கள். தோளுக்கான புத்தம்புது பயிற்சி என்று கடைக்காரப் பையன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் மொழிபெயர்த்தேன். சலீம் ஒன்றை எடுத்தான். தோளுக்குப் பின்னால் விட்டு, முதுகை ஒட்டி இறக்கி, முன்னால் கொண்டுவந்து ஒரு சுற்று. பிறகு இரண்டு கையிலும் இரண்டு. நாற்பது வயதைத் தாண்டியவனின் உடம்பு சட்டென்று இளகிவிட்டது. சுற்றி ஆட்கள் நின்றார்கள். எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று அந்தப் பையன் கேட்டான். "திருவண்ணாமலை" என்றேன். எழுத்துக்கூட்டச் சொன்னான். பாதி வரை சொன்னதும், மெல்லச் சிரித்துப் பேனாவை மூடிவிட்டான்.

தேவராஜ் இனி நிற்க முடியாது என்றான். கூடத்தின் பின்பக்கம் மடக்கு நாற்காலிகள் போட்டுப் பளு தூக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. உட்கார இடம் கிடைத்ததே என்று நாலாவது வரிசையில் உட்கார்ந்தோம். பெண்கள் பிரிவு. தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து பிடித்து, நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. எதிரே மூன்று நடுவர்கள். சரியாகத் தூக்கினால் வெள்ளை விளக்கு, தவறினால் சிவப்பு.

ஒலிபெருக்கியில், "அடுத்தது, அருணாசலம்" என்றார்கள்.

நான் எழுந்தேன். பழக்கம். பாதி எழுந்தபிறகுதான் இங்கே என்னை யாரும் கூப்பிட வாய்ப்பில்லை என்று உறைத்தது. திரைக்குப் பின்னாலிருந்து கையில் பிடிப்புக்கான வெள்ளை மாவைத் தட்டிக்கொண்டு கயல் வந்தாள்.

5

முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கூசியது. உடம்பை இறுக்கிப் பிடித்த, தொடை தெரியும் உடை. இடுப்பில் பட்டையான தோல் பெல்ட். பின்னிப் போட்ட முடி. என் மகளை என் இரண்டு நண்பர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பார்க்கிறேன். பாதி எழுந்தவன் அப்படியே குன்றி உட்கார்ந்தேன்.

"டேய்," தேவராஜ் என் தொடையைத் தட்டினான். "நம்ம கயல் மாதிரி இல்ல?"

"கயல்தான்."

"வீட்ல சொல்லலையா உனுக்கு? இன்னாடா ட்ரெஸ் இது? ஊருக்கு ஒருத்தருக்கும் சொல்லிடாத. நாளைக்கு மாப்ள பாக்க சொல்ல ரொம்ப கஷ்டம்டா."

"நீ சும்மா கெட தேவராஜ்," என்றான் சலீம். அவன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "முதுகப் பாருடா. மொதல்ல அது முதுகப் பாரு."

பார்த்தேன். கொட்டாயில் எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. லாரி ஆக்ஸிலை முதுகை வில்லாக வளைத்துத்தான் தூக்கினோம். அதன் பலனை இன்றும் மாத்திரையாக விழுங்குகிறேன். அவள் முதுகு பலகை மாதிரி இருந்தது. குனிந்தாள், பிடித்தாள், நின்றாள். தொண்ணூற்றைந்து கிலோ. மூன்றும் வெள்ளை விளக்கு. சலீம் விசிலடித்தான். எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. கை எழவில்லை.

அடுத்த முறைக்கு நூற்றைந்து ஏற்றினார்கள். காத்திருந்த நேரத்தில் நான் தேவராஜின் தோளுக்குப் பின்னால் என்னை மறைத்துக்கொண்டேன். என்ன செய்வதென்றே தெரியவில்லை. மறுபடியும் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து நின்றாள். குனியும் முன் தலையை நிமிர்த்தி நேராக எங்கள் பக்கம் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள். முகம் மாறியதுபோல இருந்தது. குனிந்தாள். பார் முழங்கால்வரை வந்தது. அங்கே நின்றது. அவளுடைய கால்கள் நடுங்கின. பார் தடாலென்று விழுந்தது. மூன்று சிவப்பு விளக்கு.

என்னைப் பார்த்ததால்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மேடையில் நிற்கும்போது எதிரே இருக்கும் ஒரு முகம் மூச்சை எப்படி உடைக்கும் என்று எனக்குத் தெரியும். நீச்சலுக்கு வேண்டாம் என்ற அதே முகம் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. அவள் திரும்பி வரும்போது நான் அங்கே இருக்கக் கூடாது.

எழுந்தேன். "எங்கடா?" என்றான் சலீம். மற்றவர்களின் முழங்கால்களைத் தாண்டி நடந்து, பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வெளியே குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நாலு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று குளிர்ந்தது. கதவு மூடியிருந்தாலும் உள்ளே சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. அது அவளுக்கா, வேறு யாருக்காவதா என்று தெரியவில்லை. கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

சலீம் வந்து என்னைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. அவன் வலது கை முழுக்க வெள்ளை மாவு. அவளிடம் கை குலுக்கியிருக்கிறான்.

"தூக்கிட்டாடா! நூத்தி அஞ்சு! நான் கத்துன கத்துல ஜட்ஜு திரும்பிப் பாத்தான். நீ எங்கடா போன?"

"டாய்லெட்."

அவன் என்னையே பார்த்தான். கொட்டாயில் ஒன்றாக வியர்த்தவனிடம் பொய் நிற்காது. "அது உன்னக் கேட்டுச்சி. எந்திரிச்சிப் போய்ட்டான்மான்னு சொல்லிட்டேன். எனக்கு இன்னாடா தெரியும்?" கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடியும் நின்றான். "உங்கப்பா அன்னிக்கி மண்டபத்துல எந்திரிச்சிப் போனாரே, அத வெச்சிதான இப்ப நீ இப்படி? அவுருக்கு ஆறு பத்துக்கு செஞ்சி ட்ரிப்புடா. நான் எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்."

சொல்லியிருக்கிறான்தான். நான் ஒருபோதும் நம்பியதில்லை.

6

காரில் சலீம் முன்னால் உட்கார்ந்தான். கயலும் தேவராஜும் பின்னால். பதக்கத்தைச் சட்டைக்குள் போட்டிருந்தாள், நாடா மட்டும் கழுத்தில் தெரிந்தது. சலீம் எனக்கும் அவளுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தான். அவனும் களைத்து ஓய்ந்த இடத்தில் அவள் சொன்னாள்:

"நீ போயிட்டே."

தமிழில் சொன்னாள். அவள் என்னிடம் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். அதற்குத் தமிழிலேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். இது முக்கியமான விஷயம், அவளுக்குத் தெளிவாகப் புரிய வேண்டும் என்று நினைத்து, மனதுக்குள் ஆங்கிலத்தில் கோத்துப் பார்த்தேன். உனக்காகத்தான் போனேன் என்று சொல்ல வேண்டும்.

"பிகாஸ் ஆஃப் யூ," என்றேன்.

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். உன்னால்தான் போனேன் என்று சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அடுத்த சிக்னலில்தான் புரிந்தது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். தேவராஜ் முழங்கால் வலிக்கிறது, காரைக் கொஞ்சம் நிறுத்து என்றான். நிறுத்தினேன்.

வீட்டில் செல்வி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். ஒன்றரை வருடமாகப் பயிற்சிக்குப் போகிறாளாம். "சொன்னா வுடுவீங்களா நீங்க? நீச்சலுக்கு இன்னா சொன்னீங்க? எங்கிட்ட கேட்டுச்சி, கையெழுத்துப் போட்டேன். அது மொகத்துல சிரிப்ப நான் அந்த கொட்டாய்லதான் பாத்தேன்." ஜிம்மைக் கொட்டாய் என்றாள். செல்வி எனக்குத் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

சலீம் பத்து நாள் இருந்தான். தினமும் மாலையில் கயலைப் பயிற்சிக்குக் கூட்டிப் போனான், கூட்டி வந்தான். அவனுடைய ஆங்கிலமும் அவளுடைய தமிழும் எப்படி ஒத்துப்போயின என்று தெரியவில்லை, இரண்டு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வருவார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் ஊருக்குக் கிளம்பிய மறுவாரம் அவள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் தோழிகளோடு ஒரு வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் போய் வர நேரமாகிறதாம். நிஜமான காரணமாகவும் இருக்கலாம். பெட்டியைக் காரில் ஏற்றும்போது நான் தூக்கப் போனேன். "அப்பா, யுவர் பேக்" என்று என் முதுகைக் காட்டிச் சொல்லி அவளே தூக்கிக்கொண்டாள்.

இவ்வளவையும் இரண்டு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். வேலைவிட்டு வந்து தூங்காமல் எழுதினேன். ஊரில் இருக்கும் நீங்கள் படிப்பதற்கென்றுதான் ஆரம்பித்தேன். ஆறாவது பகுதி வந்ததும், யாரிடம் சொல்ல வேண்டியதை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. தமிழில் அவளுக்கு அவள் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் படிக்கத் தெரியாது.

7

போன ஞாயிற்றுக்கிழமை கயல் துணி எடுக்க வந்தாள். உட்காரச் சொன்னேன். சமையலறை மேசையில் தாள்களை வைத்து, இதைப் படிக்கிறேன், கேட்கிறாயா என்றேன். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். உட்கார்ந்தாள்.

மெதுவாகப் படித்தேன். புரியாத இடத்தில் கையைத் தூக்கினாள். மைத்துனன், மணமேடை, ஆரவாரம் எல்லாவற்றுக்கும் நிறுத்தினேன். சிலவற்றை அடுப்படியிலிருந்து செல்வி சொன்னாள். நட்டு போல்ட்டுக்குக் கயல் சிரித்தாள். மண்டபத்தில் அப்பா எழுந்து போன இடத்தில் அவள் சிரிக்கவில்லை.

"தாத்தா ஏன் போனாரு?"

"தெரியல."

"கேக்கலையா?"

"கேக்கல. பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும்," என்றேன். அதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

நீச்சல் பகுதியைப் படிக்கும்போது மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'கூசியது' என்ற இடத்தில் கையைத் தூக்கினாள். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஆங்கிலத்தில் வரவில்லை. செல்விக்கும் வரவில்லை. கண்ணை இறுக்கி மூடித் தோளைக் குறுக்கிக் காட்டினேன். "ஓ" என்றாள். அவ்வளவுதான். நான் தொடர்ந்து படித்தேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது, பார் விழுந்தது, நான் எழுந்து போனது, கைப்பிடியில் கைவைத்து நின்றது, காரில் சொன்ன மூன்று வார்த்தை, சொல்ல நினைத்த ஒற்றை வார்த்தை. தாள்களை அடுக்கி ஓரத்தைத் தட்டி நேராக்கினேன். அவளைப் பார்க்கத் தைரியமில்லை.

"அப்பா."

"ம்."

"நான் உன்ன பாக்கவே இல்ல."

நிமிர்ந்தேன்.

"கண்ணாடி கழட்டிட்டுதான தூக்குவேன்? கண்ணாடி இல்லாம எனக்கு ஜட்ஜ் மொகமே தெரியாது. நாலாவது ரோ எல்லாம்..." கையை விரித்தாள். "கால் தப்பா வெச்சேன். அதான் விழுந்துச்சு. சலீம் அங்கிள் கத்தின அப்புறம்தான் நீ வந்ததே எனக்குத் தெரியும்."

அவளைக் கண்ணாடிக் கடைக்கு முதலில் கூட்டிப் போனவன் நான்தான். எட்டு வயதில். ஒவ்வொரு வருடமும் கண்ணாடியின் தடிமன் கூடிக்கொண்டே போனது எனக்குத் தெரியும். மேடையில் அவள் மூக்கின் மேல் கண்ணாடி இல்லாததை நான் கவனிக்கக்கூட இல்லை. அந்த முகத்தில் என்னையே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுப்படியில் செல்வி முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். கயலும் சிரித்தாள். எனக்கு வந்தது சிரிப்பா என்னவென்று தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து, துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டாள்.

"அடுத்த மாசம் இன்னொரு காம்பிடிஷன் இருக்கு. சாட்டர்டே. வர்றியா?"

"வர்றேன்."

"எந்திரிக்கக் கூடாது."

"எந்திரிக்க மாட்டேன்."

"ஃபர்ஸ்ட் ரோல உக்காரு," என்றாள். "அப்பதான் எனக்குத் தெரியும்."

அந்தச் சனிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். நாளை போய் மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும்.